பாஸ்போர்ட் அங்கிள் மாட்டுச் சண்டைக்குப் போனார்

என் வீட்டுக்காரர் கௌரிசங்கர் பதினாறு வருஷமாகப் பிள்ளைகளைச் சிரிக்க விடாமல் சம்பாதித்தவர். இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு இதைவிடப் பெரிய கோபங்கள் நிறைய இருக்கின்றன.

அமீரகத்து ஃபுஜைராவில் கலீலுர் ரஹ்மான் பாயின் டைப்பிங் சென்டரில்தான் அவருக்கு வேலை. விசாவுக்கும் ஐடி கார்டுக்கும் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற கடை அது. கடைக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தடுப்பு போட்டு, வெள்ளைத் திரை கட்டி, ஒரு முக்காலியும் இரண்டு விளக்கும் வைத்திருப்பார்கள். அதுதான் ஸ்டுடியோ. வேலை கிடைத்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், நேற்றுப் பிறந்த குழந்தைகள் என்று எல்லோரும் அந்த முக்காலியைக் கடந்துதான் இந்த நாட்டில் கணக்கில் சேர முடியும். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். காது இரண்டும் தெரிய வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும்.

பெரியவர்கள் பரவாயில்லை. கைக்குழந்தைதான் கஷ்டம். வெள்ளைத் துணியில் படுக்க வைத்தால் காலை உதைக்கும், கத்தும், கொட்டாவி விடும். பெற்றவர்கள் வியர்த்து நிற்பார்கள். இவர் அவசரப்படவே மாட்டார். சாவிக்கொத்தைக் காதுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் காத்திருப்பார். பிள்ளை என்ன ஆட்டம் போட்டாலும் அவர் விரல் அசையாது. வாய் மூடி, கண் திறந்து, முகம் நேராக வருகிற அந்த ஒரு நொடியில்தான் விரல் இறங்கும். ஒரே ஒரு க்ளிக். இரண்டாவது படம் எடுப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இவர் எடுத்த போட்டோ ஒன்றுகூட ஆபீஸிலிருந்து திரும்பி வந்ததில்லை என்று கலீல் பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு வித்தை. உதட்டின்மேல் ஒரு விரலை வைப்பார். பிறகு அதே விரலால் தன் தாடையைத் தொட்டு லேசாக உயர்த்துவார். அரபிப் பிள்ளையோ பாகிஸ்தானிப் பிள்ளையோ மலையாளத்துப் பிள்ளையோ, எல்லோருக்கும் அந்தப் பாஷை புரியும். வாயை மூடி, தாடையைத் தூக்கி, சிலை போல உட்கார்ந்துவிடும். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரியாது. பாஸ்போர்ட் அங்கிள் என்றுதான் கூப்பிடும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் மகள் ஹர்ஷினியின் முதல் பிறந்தநாள் போட்டோவைப் பார்த்தால், கேக்குக்குப் பின்னால் அவள் விசாவுக்கு விண்ணப்பித்ததுபோல உட்கார்ந்திருப்பாள். பீச்சில் எடுத்ததும் அப்படியே. கோவில்பட்டியிலிருந்து என் தங்கை போன் போட்டு, "ஏக்கா, அங்க உங்களைச் சிரிக்க விடமாட்டாங்களோ?" என்று கேட்டாள். நானும் கேலி செய்திருக்கிறேன். அது ஒருநாள் எங்களைக் கவிழ்க்கும் என்று யார் நினைத்தது?

போன டிசம்பரில் கலீல் பாய் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "தம்பி, இப்ப யாரும் ஸ்டுடியோவுக்கு வரதில்ல. போன்லயே எடுத்து, போன்லயே வெள்ளையடிச்சு அனுப்பிடுறாங்க. மார்ச் கடைசியோட ஸ்டுடியோவ எடுத்துடலாம்னு இருக்கேன். உங்கள விட்ற மாட்டேன். டைப்பிங்ல உக்காந்துக்கங்க. ஆனா இந்தச் சம்பளம் வராது."

சம்பளம் குறைவதுகூடப் பெரிதில்லை, வயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். அந்தச் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. அதுதான் விஷயம். நானும் ஹர்ஷினியும் ஊருக்குப் போக வேண்டும், இவர் ஏதாவது ஒரு ரூமில் கட்டில் பிடித்து இருக்க வேண்டும். ஹர்ஷினி அப்போது ஒன்பதாவது. ஏப்ரலில் பத்தாவது. பிறந்ததிலிருந்து இங்கேயே வளர்ந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் பொதுத்தேர்வு வருஷத்தில் பிடுங்கிக்கொண்டு போய்க் கோவில்பட்டியில் நட முடியுமா? அவள் ராத்திரி சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்போ எப்ப போறோம்?" என்று மட்டும் கேட்டாள். இவர், "போகவே மாட்டோம்மா" என்றார்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் ஷ்யாம். துபாயில் போட்டோ கம்பெனி வைத்திருக்கிற சென்னைக்காரன். பள்ளிக்கூட ஆண்டுவிழா, மால் நிகழ்ச்சி, குளிர்காலத் திருவிழா எல்லாம் எடுக்கிற ஆள்கள் அவனிடம் இருந்தார்கள். விசா வேலையாகக் கலீல் பாய் கடைக்கு வந்தவன், கத்திக்கொண்டிருந்த ஒரு குழந்தையை இவர் ஒரு சாவிக்கொத்தில் அடக்கியதைப் பார்த்துவிட்டான். "சார், எனக்குக் குழந்தைங்கள எடுக்கறதுக்குன்னே ஒருத்தர் வேணும். ஃபேமிலி விசாவோட தரேன்" என்றான். ஆனால் ஒரு பரீட்சை வைத்தான். "வெள்ளிக்கிழமை உங்க ஊர் மாட்டுச் சண்டைக்குப் போங்க. மாடு வேணாம், மாட்டை எவன் வேணா எடுப்பான். பாக்க வந்த பிள்ளைங்க மொகம் பத்து குடுங்க. பயப்படணும், கத்தணும், சிரிக்கணும். உயிரோட இருக்கணும். பெத்தவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க, அது முக்கியம். ஜனவரி முடியறதுக்குள்ள அனுப்புங்க."

இங்கே மாட்டுச் சண்டை என்றால் யாரும் மாட்டை அடக்குவதில்லை, குத்துவதுமில்லை. கடற்கரையோரம் வேலி போட்ட மைதானம். பிக்கப் வண்டிகளில் காளைகள் வந்து இறங்கும். நெய்யும் பேரீச்சம்பழமும் தின்று சுவர் போல வளர்ந்த காளைகள். இரண்டை நடுவில் விட்டால் நெற்றியோடு நெற்றி முட்டித் தள்ளும். பின்வாங்கினது தோற்றது. கந்தூரா என்கிற நீள வெள்ளை அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பிரிப்பார்கள். சுற்றிலும் கார்கள் வேலியைப் பார்த்து நிற்கும். கார்மேல் பிள்ளைகள், பிக்கப்பின் பின்னால் பிள்ளைகள், வேலியில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள். முகத்துக்குப் பஞ்சமே இல்லாத இடம்.

முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். பொதுவாக இங்கே அடுத்தவர் பிள்ளையைப் படமெடுக்கக் கேட்பதற்கே பயமாக இருக்கும். கேட்காமல் எடுத்தால் போலீஸ் வரைக்கும் போகும். இவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. கந்தூரா போட்ட ஒரு அப்பா தூரத்திலேயே கையைத் தூக்கி, "யா சதீக்!" என்று நண்பரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். அவருடைய நான்கு பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவர் இவர்தான். "யல்லா, எடு, எடு" என்றார். அடுத்த காரில் இருந்த ஒரு கண்ணூர்க்காரர் டீயே வாங்கிக் கொடுத்தார். ஹர்ஷினி தன் போனில் சம்மதம் சொன்னவர்கள் பெயரை எழுதிக்கொண்டே வந்தாள். அரை மணி நேரத்தில் இருபது குடும்பம். எனக்கு மனசு குளிர்ந்தது.

பிறகுதான் அவர் கேமராவைத் தூக்கினார்.

பிக்கப்பில் குதித்துக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகளும் சட்டென்று நின்றன. பெரியவன் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினான். பெண்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். நான்கும் வரிசையாக வாயை மூடி, தாடையைத் தூக்கி, கேமராவையே பார்த்தன. அவர்களுக்குப் பின்னால் இரண்டு காளைகள் புழுதி பறக்க முட்டிக்கொண்டிருந்தன. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"விளையாடுங்க, விளையாடுங்க" என்று இவர் தனக்குத் தெரிந்த ஐந்து பாஷையிலும் சொன்னார். பிள்ளைகள் இன்னும் விறைத்தன. அடுத்த கார் போனோம். அங்கேயும் அதேதான். வேலியில் தொங்கிய ஒரு பொடியன் இவரைப் பார்த்ததும் இறங்கி, தன் உதட்டில் தானே விரலை வைத்துக்கொண்டான். அவனுடைய அம்மா பெருமையோடு, "பாருங்க, மறக்கல!" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்பா, எல்லாரும் ஜெயிலுக்குப் போற மாதிரி நிக்கிறாங்க" என்றாள் ஹர்ஷினி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு எனக்கும் சிரிப்புதான் வந்தது. இன்னும் வெள்ளிக்கிழமைகள் இருந்தனவே.

இரண்டாவது வெள்ளிக்கிழமை தந்திரம் செய்தோம். இவர் இறங்கவே இல்லை. நானும் ஹர்ஷினியும் போய் முன்வாரம் பேசிய பெற்றவர்களிடம் மறுபடியும் கேட்டு வந்தோம். இவர் தலையில் தொப்பி, மூக்குவரை மாஸ்க், கையில் இரவல் வாங்கிய நீள லென்ஸ். காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, திருட வந்தவர் மாதிரி காத்திருந்தார். இந்தத் தடவை பிள்ளைகளுக்கு அவர் இருப்பதே தெரியாது.

ஐந்து மணி இருக்கும். மைக்கில் ஒருவர் அரபியில் கத்திக்கொண்டிருந்தார். கறுப்புக் காளை ஒன்று தோற்றுத் திரும்பியது. கயிறு பிடித்த ஆள் கையிலிருந்து கயிறு நழுவியது. காளை நேராக எங்கள் பக்க வேலியைப் பார்த்து ஓடிவந்து, திறந்திருந்த வழியாக வெளியே வந்துவிட்டது. ஜனம் நாலாபக்கமும் சிதறியது. பிக்கப்பில் நின்ற பெண்பிள்ளை கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை மேலே எறிந்துவிட்டு, வாய் காதுவரைக்கும் திறந்து அலறினாள். அவள் தலைமேல் சிப்ஸ் மழையாகக் கொட்டியது. அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னவன் இரண்டு கையாலும் அப்பாவின் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினான், அவர் குருடராக ஓடினார். மூன்று பிள்ளைகள் ஒரு கார்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழுந்தன. காளை எங்கள் கார்ப் பக்கம் வந்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு, சாதுவாக நின்றது. நான்கு பேர் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். பிறகு பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

எனக்குப் பின்னால் க்ளிக், க்ளிக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தக் கலவரத்திலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஏப்ரலில் அவளுக்குப் புதுப் பை வாங்க வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் காருக்குள்ளேயே படங்களைப் பார்த்தோம். பிக்கப் பெண்பிள்ளை இருந்தாள். தலையில் சிப்ஸ் இருந்தது. வாய் மூடியிருந்தது. கண் நேராக இருந்தது. தோளில் உட்கார்ந்த சின்னவன் இருந்தான், கையை இறக்கிவிட்டு அமைதியாக எங்கேயோ பார்த்துக்கொண்டு. கார்மேல் விழுந்த மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். நான் தள்ளிக்கொண்டே போனேன். நூற்றுச்சொச்சம் படம். ஒரு பிள்ளையின் பல்லைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, அந்தப் பிள்ளை கத்துனப்ப நீங்க எடுத்துட்டுத்தான இருந்தீங்க? எப்ப அமுக்குனீங்க?"

"வாயை மூடினதும்" என்றார்.

சோறு எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் பசித்ததும் என்று சொல்வதுபோலச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. கேமராவை என் கையிலிருந்து வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பின்சீட்டில் ஹர்ஷினி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

நான் கத்தினேன். இல்லையென்று சொல்லமாட்டேன். "பதினாறு வருஷமா ஒரு விரலை வச்சுப் பிழைச்சீங்க, ஒரே ஒருநாள் அதை ஒரு நொடி முன்னால இறக்க முடியலையா?" என்று கேட்டேன். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வேறு யாரைத் திட்டுவது? மாட்டையா?

மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இப்ப! இப்ப!" என்று தொடையில் தட்டினேன். பதறி அமுக்கினார். வேலிக் கம்பம் வந்தது. ஒரு காளையின் வால் வந்தது. தொடர்ந்து சடசடவென்று எடுக்கிற வசதி கேமராவில் இருக்கிறது என்று ஹர்ஷினி சொல்லிக் கொடுத்தாள். விரல் இறங்கினால்தானே அது ஓடும்? பிள்ளை வாயை மூடினதும் இறங்கியது. ஒரே முகம், மூடிய வாய், பதினைந்து படம்.

"நான் எடுக்கிறேன்ப்பா. நீங்க எடுத்ததுன்னு அனுப்பிடலாம்" என்றாள் அவள். எடுக்கவும் எடுத்தாள், போனில். நன்றாகவே இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், "நல்லாருக்கும்மா" என்றார். பிறகு, "நாளைக்கு ஸ்கூல் விழாவுக்கு என் பேர்ல நீயா வந்து எடுப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மைமீதும் எனக்குக் கோபம் வந்தது. வேலை கிடைத்த பிறகு பழகிக்கொள்ளக்கூடாதா? அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரி கடைசியில் தான் எடுத்ததிலேயே பத்தைப் பொறுக்கி அனுப்பினார். சாயங்காலமே ஷ்யாமிடமிருந்து குரல் செய்தி வந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபோகஸ், லைட் எல்லாம் க்ளீன். ஆனா பத்துப் பிள்ளைங்களுக்கும் விசா அடிச்சிடலாம் போல இருக்கு." அதற்குமேல் அவன் சிரித்துவிட்டான். கெட்டவன் இல்லை. மறுபடியும் வருத்தத்தோடு ஒரு செய்தி அனுப்பினான். அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டான். இவர் அந்தக் குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டார். நான் இஞ்சி நசுக்குகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றேன்.

மார்ச் கடைசி வியாழக்கிழமை ஸ்டுடியோவைக் கழற்றினார்கள். விளக்கு ஒன்றைக் கலீல் பாய் அப்போதே யாருக்கோ கொடுத்துவிட்டார். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் ஒட்ட ஹர்ஷினிக்கு இரண்டு போட்டோ தேவைப்பட்டது. "அங்க போய் எடுத்துக்கலாம்" என்று நான் சொன்னேன். "என் பொண்ணுக்கு நான் எடுக்காம வேற எவன் எடுக்கது?" என்றார் இவர். வெள்ளைத் திரையை மட்டும் கழற்றாமல் விட்டு வைத்திருந்தார்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கைக்குழந்தையாக அதே இடத்தில் துணியில் படுத்திருந்தவள். கூந்தலைத் தானே காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். ஒற்றை விளக்கை இவர் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கேமராவுக்குப் பின்னால் போய் ஒரு கண்ணை மூடினார்.

"தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா."

இறக்கினாள். லென்ஸையே பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. மூக்கு விடைத்தது, உதடு நடுங்கியது. மூன்று மாதமாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பிள்ளை வாயைத் திறந்து, "அப்பா, நான்..." என்றாள்.

அவர் விரல் பட்டன்மேல் இருந்தது. அசையவில்லை. கேமராவைக் கீழே வையுங்கள், அவள் என்னவோ சொல்கிறாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. கத்தவில்லை. இன்றுவரை அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அவர் காத்திருந்தார். அவள் அந்த விரலைப் பார்த்தாள். அவளும் அந்த ஊர்ப் பிள்ளைதானே. வாயை மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு க்ளிக்.

போட்டோ நன்றாக வந்தது. காது இரண்டும் தெரிந்தன, கண் நேராக இருந்தது, அழ வந்த முகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கலீல் பாய் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் திரும்பி வராது தம்பி" என்றார்.

விமானத்தில் சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டு அவளிடம் கேட்டேன், "அன்னைக்கு ஸ்டுடியோல அப்பாகிட்ட என்னமோ சொல்ல வந்தியே, என்னடி அது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. அப்பா போட்டோ எடுத்துட்டு இருந்தாங்கல்ல."